இத்தாலியில் வாடகைக் கார்: நகரத்துக்கு வேண்டாம், கிராமத்துக்கு எடுங்கள்

"குடும்பத்தோடு இத்தாலி போகிறோம், கார் வாடகைக்கு எடுக்கலாமா?" சில வாரங்களாக வரும் கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். பலருக்குக் காசு வீணாவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: மேடம், நாங்கள் கோவையிலிருந்து ஐந்து பேர் போகிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 3 வயது மகள், 68 வயது அம்மா. ரோம் 3 நாள், ஃபிளாரன்ஸ் 3 நாள், டஸ்கனியில் ஒரு பண்ணை வீட்டில் 2 நாள், வெனிஸ் 2 நாள். அம்மாவால் அதிகம் நடக்க முடியாது என்பதால் ரோம் விமான நிலையத்திலேயே பத்து நாளைக்கும் கார் புக் செய்துவிட்டேன். சரிதானே?

பதில்: இலவசமாக ரத்து செய்ய இன்னும் நாள் இருந்தால் இன்றே ரத்து செய்துவிடுங்கள். பத்து நாள் பயணத்தில் உங்களுக்குக் கார் தேவைப்படுவது அந்தப் பண்ணை வீட்டு நாட்களுக்கு மட்டும்தான். அங்கே கார் இல்லாமல் முடியாது. மற்ற எட்டு நாளும் கார் உங்களுக்குச் சுமை.

வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கார் ஓடவே ஓடாது. பியாட்சாலே ரோமா என்ற இடத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கேயோ பக்கத்தில் டிரொன்கெட்டோவிலோ நாள் வாடகை கொடுத்து நிறுத்திவிட்டுப் படகிலோ நடந்தோதான் போக வேண்டும். நிற்கும் காருக்கு வாடகையும் பார்க்கிங்கும் இரண்டு நாளைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

ரோமும் ஃபிளாரன்ஸும் வேறு வகையில் ஆபத்து. பழைய நகரின் நடுப்பகுதி 'ஸோனா அ டிராஃபிகோ லிமித்தாத்தோ', அதாவது போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இசட்.டி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். தடுப்புக் கம்பம் இருக்காது, போலீஸ்காரர் நிற்க மாட்டார். வெள்ளை வட்டத்தில் சிவப்பு விளிம்போடு ஒரு பலகை, அதன் கீழே நேரம், மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். சில இடங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரியும். ஆங்கிலம் தெரிந்த நமக்கு அது 'ஆக்டிவ்' என்று கேட்கும். வழி திறந்திருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அர்த்தம் நேர்மாறு: தடை இப்போது அமலில் இருக்கிறது, நுழையாதே. 'நோன் அத்தீவோ' என்றிருந்தால்தான் போகலாம்.

எனக்கே இது நடந்தது. டஸ்கனியில் ஒரு சின்ன ஊரில் விடுதியைத் தேடி, மேப் காட்டிய தெருவில் திரும்பினேன். தெரு தப்பு என்று தெரிந்து சுற்றி வந்தபோது அதே கேமராவை மறுபடியும் கடந்திருக்கிறேன். ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். இந்த அபராதம் 83 யூரோவில் தொடங்குகிறது. அனுப்பும் செலவெல்லாம் சேரும்போது ஒவ்வொன்றும் 100 யூரோவை ஒட்டிப் போய்விடும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் திட்டத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அம்மாவுக்குக் காரை விட அதில் உட்கார்ந்து வருவது சுகம். ஃபிளாரன்ஸை முடித்துவிட்டுப் பண்ணை வீட்டுக்குக் கிளம்பும் காலையில் காரை எடுங்கள். ஊர் நடுவே இருக்கும் கிளையில் எடுக்காதீர்கள். பெரேத்தோலா விமான நிலையக் கிளையில் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து டிராமில் சுமார் 20 நிமிடம். இசட்.டி.எல்.லைத் தொடாமலே வெளியேறிவிடலாம். பிறகு ரயிலில் வெனிஸ், சுமார் இரண்டு மணி நேரம்.

அம்மாவுக்கு நகரங்களில் டாக்ஸி வையுங்கள். பழைய நகருக்குள் வாசல் வரை வர டாக்ஸிக்கு அனுமதி உண்டு, உங்கள் வாடகைக் காருக்குக் கிடையாது. மிச்சமாகும் எட்டு நாள் வாடகையை இதற்குச் செலவழித்தால் அம்மாவின் கால்கள் உங்களை வாழ்த்தும்.

காரின் அளவையும் பாருங்கள். ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் 'காம்பாக்ட்' வகை போதாது. ஏழு இருக்கை வண்டியிலும் பின் வரிசையை நிமிர்த்தினால் டிக்கி இருக்காது. நீளமான டிக்கி கொண்ட ஸ்டேஷன் வேகன் கேளுங்கள். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அவரவர் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற இருக்கை கட்டாயம். ஆகவே மகனுக்கும் ஒன்று வேண்டியிருக்கும். 4 வயதுக்குக் கீழே இருந்தால், குழந்தையைக் காரில் மறந்துவிட்டால் எச்சரிக்கும் கருவியும் இருக்க வேண்டும் என்று 2019 முதல் சட்டம் இருக்கிறது. மகளின் இருக்கையை முன்பதிவு செய்யும்போது அந்தக் கருவியோடு தருவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இருக்கைக்கு நடுவில் பாட்டி உட்கார இடம் இருக்குமா என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: என் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதுவே போதும் என்கிறார் நண்பர். என்னிடம் டெபிட் கார்டு மட்டும்தான். கிரெடிட் கார்டு மனைவி பெயரில் இருக்கிறது. அதைக் காட்டினால் போதுமா? (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டுமே போதாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வழங்கப்பட்ட நம் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ, உரிமத்தின் அதிகாரபூர்வ இத்தாலிய மொழிபெயர்ப்போ சேர்ந்து இருக்க வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். உரிமம் எந்த மொழியில் அச்சாகியிருக்கிறது என்பது அங்கே பேச்சே இல்லை. சில கவுண்டர்களில் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துத்தான் உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். ஆனால் சாலையில் போலீஸ் நிறுத்தினால் 400 யூரோவுக்கு மேல் போகும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும். பன்னாட்டு அனுமதி நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஓராண்டு செல்லும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அசல் உரிமத்தையும் கையோடு கொண்டுபோங்கள்; அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது.

கார்டு விஷயம்: வண்டியை எடுப்பவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் விதி. மனைவிக்கு உரிமம் இருந்தால் அவருக்கும் பன்னாட்டு அனுமதி வாங்கி, அவரையே முதன்மை ஓட்டுநராக்கி, உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேருங்கள். நாளுக்கு இவ்வளவு என்று அதற்குக் கட்டணம் வரும். அவருக்கு உரிமம் இல்லையென்றால் உங்கள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிய பிறகே புக் செய்யுங்கள். கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். புதிய கார்டுகளில் அது மூடியே வரும். கவுண்டரில் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?" என்று மெஷின் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் லண்டனில இருக்கிறம். பலெர்மோவில இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் பிள்ளைகளோட போறம். கட்டானியாவில இறங்கிக் கார் எடுப்பம். போன முறை புக்கிங் தளத்தில 'முழுக் காப்பு' எண்டு காசு கட்டியும், கவுண்டரில இருந்தவர் அது இங்க செல்லாது, எங்கட இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கார் எண்டு சொல்லி நாளுக்கு 30 யூரோப்படி வாங்கிப்போட்டார். இரண்டு தரம் கட்டினது சரியோ?

பதில்: தங்கச்சி, நீங்கள் ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு விவரம் தெரியாததல்ல காரணம். அந்தக் கவுண்டரில் விஷயத்தைப் பாதி மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

வாடகையிலேயே மூன்று காப்பு பொதுவாகச் சேர்ந்திருக்கும்: பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு, காரின் சேதத்துக்கு, திருட்டுக்கு. கடைசி இரண்டிலும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நம் பங்கு. அதைத்தான் லண்டனில் எக்ஸஸ் என்கிறார்கள், இத்தாலியில் ஃப்ராங்கீஜா. பல நேரம் 1,000 யூரோவைத் தாண்டும். காரைத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்த அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும், உங்கள் கார்டில் பிடித்து வைப்பார்கள். அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கத்தான் கவுண்டரில் நாள் கணக்கில் விற்கிறார்கள்.

புக்கிங் தளத்தில் நீங்கள் வாங்கியது வேறு ஒரு நிறுவனத்தின் பாலிசி. சேதம் வந்தால் கார் நிறுவனம் முதலில் உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ரசீதைக் காட்டி அந்தப் பாலிசிக்காரரிடம் திரும்ப வாங்க வேண்டும். கவுண்டரில் 'இங்கே செல்லாது' என்றது இந்த அளவுக்கு மட்டும் உண்மை: அவர்கள் அதை வைத்து டெபாசிட்டைக் குறைக்க மாட்டார்கள். அதனால் அந்தப் பாலிசி செத்துவிடவில்லை. கார்டில் போதிய வரம்பு இருந்தால், "டெபாசிட்டைப் பிடித்து வையுங்கள், கூடுதல் காப்பு வேண்டாம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவர்கள் காட்டும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு திரும்ப வாங்குவது மிகக் கடினம்.

தனிப் பாலிசி வாங்குவதில் ஒரு நன்மை: டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் ஆகியவை வாடகையோடு வரும் காப்பில் பெரும்பாலும் இருக்காது; நல்ல தனிப் பாலிசியில் இருக்கும். வாங்குமுன் இந்த நான்கு சொல்லையும் தேடிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: இணையத்தில் விற்கும் இத்தகைய பாலிசிகள் பல பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ வசிப்பவர்களுக்கு மட்டுமே. வசிப்பிட நிபந்தனையைப் பார்த்தபின் பணம் கட்டுங்கள். அது சரிவராமல், கையில் கைக்குழந்தையும் அலைச்சலும் இருந்தால், கவுண்டரில் முழுக் காப்பு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலை அதிகம், தலைவலி குறைவு.

எந்த வழியானாலும் சாவி வாங்கியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். நான்கு சக்கர வளையம், கண்ணாடி, பம்பரின் கீழ்விளிம்பு, எரிபொருள் முள், கிலோமீட்டர் எல்லாம் அதில் வரட்டும். ஏற்கெனவே உள்ள கீறல் ஒப்பந்தத் தாளில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இன்னொரு வீடியோ.

உங்கள் பிரிட்டிஷ் அட்டை உரிமம் இத்தாலியில் அப்படியே செல்லும். கட்டானியா–பலெர்மோ ஏ19 சாலைக்குச் சுங்கம் கிடையாது. பலெர்மோவிலும் இசட்.டி.எல். உண்டு, சித்தப்பா வீடு அதற்குள் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெருத் தெருவாகத் தெரிந்திருக்கும்.

கேள்வி: இத்தாலி போய் வந்து எட்டு மாதம் கழித்து வாடகை நிறுவனம் கார்டிலிருந்து 45 யூரோ எடுத்துவிட்டது. அபராதம் என்கிறார்கள். இத்தோடு முடிந்ததா? (சென்னை வாசகி)

பதில்: இல்லை, அம்மா. அது உங்கள் பெயரையும் முகவரியையும் போலீஸுக்குத் தந்ததற்கான கட்டணம். அபராதம் நகராட்சிப் போலீஸிடமிருந்து தனியே வரும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அதனால் தாமதமாக வந்தது என்பதற்காகவே மோசடி என்று தூக்கிப் போடாதீர்கள். வண்டி எண், தேதி, நேரம் ஆகியவற்றை வாடகை ஒப்பந்தத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனால், கடிதம் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். 60 நாளைத் தாண்டினால் ஏறும். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்திக் கட்டாதீர்கள். கடிதத்தில் உள்ள நகராட்சியின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

அந்த நேரத்தில் உங்கள் விடுதி இசட்.டி.எல்.லுக்குள் இருந்ததா? இருந்தால் வண்டி எண்ணை நகராட்சிக்குத் தெரிவித்தார்களா என்று விடுதிக்காரர்களிடம் கேளுங்கள். தெரிவித்த சான்று இருந்தால் முறையீடு செய்ய வலுவான காரணம் உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: பெட்ரோல் பங்கிலும் சுங்கச்சாவடியிலும் என்ன கவனிக்க வேண்டும்? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: 'பென்ஸீனா' என்றால் பெட்ரோல், 'கசோலியோ' என்றால் டீசல். 'கசோலியோ' என்ற பெயரைக் கேட்டு கேசோலின் என்று டீசலை ஊற்றியவர்கள் உண்டு. தப்பான எரிபொருளால் வரும் சேதத்துக்குப் பொதுவாக எந்தக் காப்பும் பணம் தராது. குழாயில் வட்டக் குறி பெட்ரோலுக்கு, சதுரக் குறி டீசலுக்கு. டாங்க் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் குறியோடு பொருத்திப் பாருங்கள். 'ஃபாய் த தே' என்ற வரிசையில் நாமே நிரப்பிக்கொள்வது, விலை குறைவு. 'செர்வீத்தோ' என்றால் ஆள் நிரப்புவார், விலை கூடும்.

சுங்கச்சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்ட வேண்டும். மஞ்சள் பலகையில் டெலிபாஸ் (தானாகச் சுங்கம் கழிக்கும் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது) என்று மட்டும் இருக்கும் வரிசை நமக்கானதல்ல. தவறி நுழைந்துவிட்டால் எக்காரணம் கொண்டும் பின்னால் எடுக்காதீர்கள், அது ஆபத்து, பெரிய குற்றமும்கூட. உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கட்டாத தொகைக்கு ஒரு சீட்டு வரும். அதை 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிட்டு, ரசீதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.