தாதி அக்கா பதில்கள்: பேத்தியின் ரத்த அறிக்கை

கேள்வி: பேத்தி பிறந்து மூன்று வாரம் ஆகிறது. மஞ்சள் காமாலை இன்னும் தெளியவில்லை என்று எடுத்த ரத்தப் பரிசோதனையில், லிம்போசைட் எண்ணிக்கை பெரியவர்களைவிட இரண்டு மடங்கு இருந்தது. இந்த வயதில் இது இயல்புதான் என்றார் மருத்துவர். நோயை எதிர்க்கும் அணுக்கள் இத்தனை இருந்தும், முப்பதாம் நாள் பெயர் சூட்டு விழாவுக்கு நூறு பேரை அழைக்கக் கூடாது என்கிறாள் என் மகள். நியாயமா?
– ஒரு தாத்தா, யீஷூன்

பதில்: கெட்டிக்காரர் ஐயா நீங்கள்! ரத்த அறிக்கையைக் காட்டியே விருந்துக்கு அனுமதி வாங்கப் பார்க்கிறீர்கள்.

எண்ணிக்கை உண்மைதான். ஆனால் லிம்போசைட்டில் ஒரு வகையான டி அணுக்களைப் பாருங்கள். பெரியவர்களான நம் டி அணுக்களில் பல, முன்பு வந்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை. தேக்கா சந்தையின் பழைய கடைக்காரர் முகத்தைப் பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிடுவதைப் போல. பேத்தியின் டி அணுக்களோ பெரும்பாலும் எந்தக் கிருமியையும் பார்த்திராதவை.

அனுபவம் மட்டும்தான் குறை என்று எண்ணிவிடாதீர்கள். வார்ப்பே வேறு. கருவில் டி அணுக்களைத் தரும் குருத்தணுக்களும் பெரியவர்களின் குருத்தணுக்களும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் எலிகளில் ஆராய்ந்தார்கள். பிறந்த குட்டியின் டி அணுக்கள் கிருமியைக் கண்டதும் வளர்ந்த எலியின் அணுக்களைவிட வேகமாகப் பெருகின. ஆனால் தொற்று அடங்கியபின் நினைவு அணுக்களாக நிலைத்தவை குறைவு. இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கருவில் இந்த அணுக்கள் அடங்கியிருந்தாக வேண்டும். தாயின் அணுக்கள் சில குழந்தைக்குள்ளும் வந்துவிடுகின்றன. அவற்றோடு சண்டை பிடித்தால் ஆபத்து. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பங்கேற்று 2017இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைப் பற்றியதுதான். 13 வாரக் கருவிலேயே, அந்நியப் பொருளை டி அணுக்களுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் அணுக்கள் இருக்கின்றன. ஆர்ஜினேஸ்-2 என்ற நொதியின் துணையோடு டி அணுக்களைத் தணித்து வைக்கின்றன என்று அது காட்டியது. அந்த அடக்கம் பிறந்த அன்றே கலைந்துவிடாது.

என் கவலையெல்லாம் உங்கள் அறிக்கையில் அடுத்த வரியில் இருக்கும் நியூட்ரோபில், அதாவது பாக்டீரியாவை விழுங்கி அழிக்கும் வெள்ளை அணு பற்றித்தான். பச்சிளம் குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் அதன் கையிருப்பு குறைவு. தொற்று உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்வதிலும் மந்தம். அதனால் பாக்டீரியா சட்டென்று ரத்தத்தில் பரவலாம். பால் குடிக்க மறுத்தது தவிர வேறு அறிகுறியே இல்லாமல் வந்த குழந்தைகளை இரவுப் பணியில் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் கண்டால், கைவைத்தியம் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போதைக்குப் பேத்திக்குக் காவல், தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்புப் பொருள்கள். கர்ப்பத்தில் உங்கள் மகள் கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டிருந்தால் அதற்கான பாதுகாப்பும் அதில் உண்டு. பேத்திக்கே அந்த ஊசி இரண்டாம் மாதத்தில்தான் தொடங்கும்.

ஆகவே நான் மகள் பக்கம். வீட்டோடு பெயர் வையுங்கள். இருமுகிற சித்தப்பா வாட்ஸ்அப்பில் பார்க்கட்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் நூறு பேருக்குப் பிரியாணி போடுவதை நான் தடுக்கவில்லை, பேத்தி மட்டும் மாடியிலேயே தூங்கட்டும்.