அப்பாவைச் சோதனை எலியாக்குவதா?

கேள்வி: என் தந்தையார் ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்ற நிணநீர்த் தொகுதிப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பளையில் சிகிச்சை பெறுகிறார். கனடாவிலுள்ள மாமா, புதிய மருந்து ஆய்வொன்றில் அவரைச் சேர்க்கலாம் என்கிறார். அம்மாவோ, அப்பாவைச் சோதனை எலியாக்கி வெறும் மாவுக் குளிசையைக் கொடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். என்ன செய்வது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அம்மாவின் அச்சம் இயல்பானது. ஆயினும், பயன் தரும் சிகிச்சை உள்ள புற்றுநோய்க்கு, அதை நிறுத்திவிட்டு வெற்று மருந்தை மட்டும் கொடுப்பதை ஆய்வு நெறிமுறை ஏற்பதில்லை; பெரும்பாலும் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்குப் புதிய மருந்து சேர்ந்த சிகிச்சையும் வழங்கி ஒப்பிடுவார்கள். இன்று வழக்கத்திலுள்ள ரிட்டுக்சிமாப் மருந்தும் இவ்வாறு ஒப்பிடப்பட்டதே. ஹொட்ஜ்கின் அல்லாத லிம்போமாவில் ஒன்றான பெரிய பி-கல வகை கொண்ட, 60 முதல் 80 வயதுவரையான 399 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், நோய் முழுமையாகத் தணிந்தோர் பழைய சிகிச்சையில் 63 சதவீதம். ரிட்டுக்சிமாப் சேர்ந்தபோது 76 சதவீதம்.

ஆனால், புதியது எல்லாமே ஆயுளை நீட்டும் என்று நம்பிவிடவும் கூடாது. பொலாட்டுசுமாப் என்ற புதிய மருந்தை இதே வகை நோய் கொண்ட 879 பேரிடம் பரிசோதித்தபோது, நோய் முற்றாமல் இரண்டாண்டு கடந்தோர் வழக்கமான சிகிச்சையில் சுமார் 70 சதவீதம், புதிய மருந்து சேர்ந்த சிகிச்சையில் சுமார் 77 சதவீதம். உயிர் பிழைத்தோர் விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே, திசுப் பரிசோதனை அறிக்கையுடன் உங்கள் வைத்திய நிபுணரிடம், அது எத்தனையாம் கட்ட ஆய்வு என்று கேளுங்கள். முதற்கட்டம் பெரிதும் மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் அறிவதற்கானது. சம்மதப் படிவத்தைத் தமிழில் விளக்கிய பின்னரே தந்தையார் கையொப்பமிட வேண்டும். பின்னர் எந்த வேளையிலும் விலகும் உரிமை அவருக்கு உண்டு. அதுவரை நடக்கும் சிகிச்சையை ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள்.