பேனல் மீட்டர் சரியான ஃப்ளோட் வோல்டேஜை (நிறைந்த பேட்டரியை அந்த நிலையிலேயே வைத்திருக்கும் வோல்டேஜை) காட்டினால், புதிய சார்ஜரைப் பேட்டரியுடன் இணைத்துவிடலாமா?

இணைக்கக் கூடாது என்பதே என் பதில். துணைமின் நிலையத்தின் 110 வோல்ட் டி.சி. அமைப்பில், 55 செல்கள் கொண்ட வி.ஆர்.எல்.ஏ. (மூடிய வகை லெட்-ஆசிட்) பேட்டரிக்கு மூன்று ஃபேஸ் தைரிஸ்டர் சார்ஜர் நிறுவியிருப்பதாகவும், மீட்டர் 123.7 காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செல்லுக்கு 2.25 வோல்ட் என்ற கணக்கில் அந்த எண் சரிதான். ஆனால் அது வெறும் சராசரி. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜில் ஆறு தைரிஸ்டர்கள், அதாவது கேட் பல்ஸ் கிடைத்ததும் கரண்டை விடும் சுவிட்சுகள், இருக்கின்றன; அவற்றில் ஒன்று ஃபயர் ஆகாமல் (இயங்காமல்) போனாலும், கண்ட்ரோல் கார்டு மற்ற ஐந்தின் ஃபயரிங் கோணத்தை (அவை இயங்கத் தொடங்கும் தருணத்தை) மாற்றி அதே சராசரியை எட்டிவிடக்கூடும். குறிப்பாகச் சுமை குறைவாக இருக்கும்போது மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது.

எனவே முதலில் அலைவடிவத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, லோட் பேங்க் (சோதனைக்கான செயற்கைச் சுமை) கொண்டு சுமையைப் படிப்படியாக ஏற்றி, டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டருக்கு முன்னால் ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ஒவ்வொரு 20 மில்லி விநாடிக்கும் ஆறு மேடுகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் வர வேண்டும். ஒவ்வொரு தைரிஸ்டரும் அடுத்தடுத்த இரண்டு மேடுகளைத் தருகிறது; அப்படி இரண்டு மேடுகள் விடுபட்டிருந்தால் அந்தத் தைரிஸ்டரின் கேட் கம்பி, பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், ஃபியூஸ் ஆகியவற்றைச் சோதியுங்கள். உயரங்கள் சமமாக இல்லையென்றால் சப்ளையின் ஃபேஸ் வரிசையையும் ஃபயரிங் கார்டின் ஒத்திசைவையும் பாருங்கள். ஆறு மேடுகளால் வரும் 300 ஹெர்ட்ஸுக்கெனக் கணக்கிடப்பட்ட ஃபில்டரின் சோக் (சுருள்), விடுபட்ட மேடுகளால் எழும் 50 ஹெர்ட்ஸ் சிற்றலையைப் போதிய அளவு தடுக்காது. அது பேட்டரிக்குள் பாய்ந்து செல்களைச் சூடாக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வழக்கத்தை விட உரக்க உறுமுவதும் இதே கோளாறின் அடையாளமாக இருக்கலாம். ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை நேரடியாக டி.சி. பஸ்ஸில் மாட்டாமல் எர்த்துடன் இணையாமலே இரு முனைகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் பயன்படுத்துங்கள். வேறெங்காவது எர்த் ஃபால்ட் இருந்தால் அந்தக் கிளிப் வழியாகவே ஷார்ட் ஆகும்.

அலைவடிவம் ஒழுங்காக இருந்தால் மட்டுமே டிரிம்பாட்டை (அளவுகளைச் சரிசெய்யும் சிறு திருகை) தொடுங்கள். நான் முதலில் சரிசெய்வது கரண்ட் லிமிட். 200 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சார்ஜிங் கரண்டை 20 ஆம்பியரில் நிறுத்துவது பொதுவான வழக்கம். ஆனால் உங்கள் சார்ஜரின் லிமிட் பேட்டரிக்குச் செல்லும் கரண்டை மட்டும் கட்டுப்படுத்துகிறதா, நிலையத்தின் சுமையையும் சேர்த்தா என்பதை வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சுமையை அந்த எல்லைக்கு மேல் கூட்டினால் வோல்டேஜ் இறங்க வேண்டுமே தவிர, பிரேக்கர் டிரிப் ஆகக் கூடாது.

அடுத்து ஃப்ளோட். இதைப் பேனலில் அல்ல, பேட்டரி முனைகளுக்குச் செல்லும் கேபிளின் நுனியில், நம்பகமான டிஜிட்டல் மீட்டரால் அளக்க வேண்டும். இடையில், கரண்ட் திரும்பிப் பாயாமல் தடுக்கும் ஒரு பிளாக்கிங் டயோடு இருந்தாலே சுமார் 0.7 வோல்ட் குறையும். வெப்பநிலையையும் கணக்கில் கொள்ளுங்கள்: 123.75 வோல்ட் என்பது 27 டிகிரிக்கு உரியது. ஒரு டிகிரி உயர்வுக்குச் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் குறைக்க வேண்டுமென்று பேட்டரிக் கையேடு சொன்னால், 37 டிகிரி அறையில் 122.1 வோல்ட்தான் சரியான அளவு. பேட்டரியை விரைவாக நிறைக்கும் பூஸ்ட் வோல்டேஜை, கையேடு அனுமதித்தால், செல்லுக்கு 2.3 என்று 126.5 வோல்ட்டில் வைக்கலாம்.

பிறகு சுமையைச் சுழியத்திலிருந்து முழு அளவு வரை மாற்றியும் ஃப்ளோட் ஒரு சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, துருவம் சரியா என இன்னொரு முறை சோதித்து, பேட்டரியை இணைக்கலாம்.