கீரைக்குக் கூலி கொடுக்காதீர்கள்

தம்பி, ஆறு வயது மகள் இட்லி டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறாள், நூடுல்ஸும் குளிர்பானமும்தான் கேட்கிறாள், மொரீஷியஸ் வந்து மூன்றே மாதத்தில் பிள்ளையின் நாக்கு கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் ரொட்டி தின்னும்போது தான் மட்டும் ஆறிப்போன இட்லியைப் பிட்டுத் தின்ன அவளுக்குக் கூச்சம். மதியத்துக்கு ரொட்டியே கொடுத்தனுப்புங்கள். உள்ளே முட்டையோ அவரைக்கொட்டைக் கறியோ வையுங்கள். இட்லி இரவுக்கு இருக்கட்டும்.

நான் இந்தத் தீவின் காத்ர் போர்ன் ஊருக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. என் மகன் சின்னவனாக இருந்தபோது, "கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசினேன். கீரை என்பது தண்டனை, ஐஸ்கிரீம் அதற்குக் கூலி என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். மாதம் முடிவதற்குள் கூலி உயர்வு கேட்டான்!

பேரத்தை விட்டுவிட்டு அவனைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். இங்கே கீரைக்குப் பொதுப்பெயர் 'ப்ரெட்'. ரொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 'ப்ரெட் முரும்' என்று கடைக்காரம்மா நீட்டியது நம் முருங்கைக்கீரை, பெயரிலேயே முருங்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வகைக் கீரை காட்டுவேன், ஒன்றை அவனே எடுப்பான். வீட்டில் இலை உருவுவதும் அவன் வேலை. முதல் வாரம் ஒரு வாய், அதையும் துப்பினான். நான் எதுவும் சொல்லவில்லை. பத்தாவது தடவையோ என்னவோ, கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கோயில் விசேஷத்தில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். உங்கள் மகளையும் பந்தியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.

குளிர்பானத்தில் மட்டும் நான் கண்டிப்பு. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் குளிர்பானம் விற்கக் கூடாது என்று 2009இலேயே விதி வந்துவிட்டது. நாமே வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கினால் எப்படி? வீட்டில் தண்ணீர், மோர். பிறந்தநாள் விருந்தில் குடித்தால் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவேன்.

இங்கே கிடைக்கும் 'காத்தோ பிமான்' என்ற பலகாரம் நம் பருப்பு வடைக்குத் தம்பி. சனிக்கிழமை சூடாக இரண்டு வாங்கிக் கொடுங்கள், பாவமில்லை.

மனைவி கைபேசியில் கார்ட்டூன் காட்டி ஊட்டுகிறார் என்று குறைப்பட்டிருந்தீர்கள். அவரைக் குறை சொல்லுமுன் வாரத்தில் மூன்று நாளாவது ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்து, உங்கள் கைபேசியையும் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் தட்டோடு உட்காருங்கள்.