கடல் ஏறினால் நாடு என்ன ஆகும்?

கேள்வி: முதுகலையில் சர்வதேச அரசியல் படிக்கிறேன். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. "அது சுற்றுச்சூழல்காரர்கள் வேலை. போர், எல்லை, ஒப்பந்தம் என்று ஏதாவது எடு" என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர். நான் தலைப்பை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். போரை விடுங்கள், எல்லையும் ஒப்பந்தமும் உங்கள் தலைப்புக்குள்ளேயே இருக்கின்றன.

பேராசிரியர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் சர்வதேச அரசியலுக்கென்று பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்கினார்கள். இன்னொரு போர் வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் அன்றைய கவலை. அதனால் ஆபத்து என்றால் இன்னொரு நாட்டிலிருந்து, திட்டம் போட்டு, படையோடு வரும் என்ற நினைப்பு இந்தப் படிப்பில் ஊறிவிட்டது. மண்ணும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்கும், அரசுகள்தான் மோதிக்கொள்ளும்.

இப்போது துவாலுவைப் பாருங்கள். பசிபிக்கில் ஒன்பது குட்டித் தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர், சுமார் 10,000 பேர். படையெடுக்க யாரும் இல்லை. ஆனாலும் மற்ற நாடுகள் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் கடலை ஏற்றி அதன் மண்ணை அரிக்கின்றன. நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் ஆகிய நான்கும் இருந்தால் நாடு என்கிறது 1933-ன் மாண்டிவிடியோ உடன்படிக்கை. நிலம் மூழ்கினால் என்ன என்று அதில் ஒரு வரி கிடையாது.

படை நுழைந்தால் ஐ.நா. பாதுகாப்பு அவையில் முறையிடலாம். இதற்கு யார்மேல் முறையிடுவது? 2021 டிசம்பரில் பருவநிலையைப் பாதுகாப்புப் பிரச்சினையாக ஏற்கும் தீர்மானம் அந்த அவைக்கு வந்தது. ரஷ்யா வீட்டோ போட்டது, இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது. பருவநிலையைப் பேச ஐ.நா.வில் தனி அமைப்பு இருக்கிறது, இது அதற்கான இடமல்ல என்பது இந்தியாவின் வாதம். கிட்டத்தட்ட உங்கள் பேராசிரியர் சொல்வதுதான். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு: அதிகம் புகைவிட்ட வல்லரசுகளே வீட்டோவோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதை ஏழை நாடுகள் எப்படி ஏற்கும்? எது எந்த மேசையில் பேசப்பட வேண்டும் என்ற இந்தச் சண்டையே சுத்தமான சர்வதேச அரசியல்தான்.

என் யோசனை: 2023 நவம்பரில் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் கையெழுத்திட்ட ஃபாலேபிலி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். கடல் ஏறினாலும் துவாலு நாடாகவே தொடரும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் நான்காவது பிரிவுக்கு வாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. துவாலு வேறு எந்த நாட்டோடும் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவும் சம்மதிக்க வேண்டும். துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம்கூட இதில் அடக்கம். சீனாவை மனதில் வைத்து எழுதியது என்பதே என் கணிப்பு. கடலுக்குப் பயந்த மக்களுக்கு விசா கிடைக்கிறது, பதிலுக்கு இறையாண்மையில் ஒரு பங்கு போகிறது. பழைய அதிகார அரசியல் எங்கேயும் போய்விடவில்லை, கடல்மட்டத்தை வைத்தும் பேரம் பேசுகிறது. அந்த 280 இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விண்ணப்பம் வந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே ஆண்டு ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தையும் படியுங்கள். உருவான நாடு ஒன்று தன் கூறுகளில் ஒன்றை இழந்தாலே நாடு என்ற தகுதியை இழந்துவிடாது என்கிறது.

ஒரு எச்சரிக்கை: "மனிதகுலம் பூமியைக் கெடுத்துவிட்டது" என்று ஆய்வேட்டைத் தொடங்காதீர்கள். துவாலுக்காரரும் டெக்சாஸ்காரரும் ஒரே அளவா எரித்தார்கள்? யார் எவ்வளவு எரித்தார்கள் என்ற கணக்கை முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள். பேராசிரியரிடம் தலைப்பாக "ஃபாலேபிலி ஒப்பந்தமும் துவாலுவின் இறையாண்மையும்" என்று கொடுங்கள். அவர் கேட்ட ஒப்பந்தமும் அதில் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது.