காத்து அந்தப் பக்கம் அடிச்சா புகை ஏன் இந்தப் பக்கம் வருது?

கேள்வி: எங்க தெருவுல ரோட்டோரம் நின்ன கார் ஒண்ணு தீப்பிடிச்சு எரிஞ்சுது. மொட்டை மாடில காயப்போட்ட துணியெல்லாம் எதிர்சாரி பக்கமா பறந்துட்டு இருந்துச்சு, அதனால புகை அங்கதான் போகும்னு ஜன்னலைக்கூட சாத்தல. ஆனா புகை முழுக்க எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு, எதிர்சாரில பெருசா ஒண்ணுமில்ல. இது எப்படி?

பதில்: துணி காட்டினது மாடிக்கு மேல அடிக்கிற காத்தை. தெருவுக்குள்ள அடிக்கிறது வேற, பல நேரம் அதுக்கு நேர் எதிரா அடிக்கும். ரெண்டு சாரியிலயும் வீடுங்க இடைவெளி இல்லாம ஒட்டி ஒட்டி இருக்கு, காத்து தெருவுக்குக் குறுக்கா வருதுன்னு வச்சுக்குங்க. முக்கால்வாசி காத்து கூரை மேலயே தாண்டிப் போயிடும், கொஞ்சம் மட்டும் எதிர்சாரி சுவத்துல மோதி கீழ இறங்கி, ரோட்டு மட்டத்துல உங்க பக்கமா ஓடி வந்து, உங்க சுவத்தைப் பிடிச்சு மேல ஏறி, மறுபடி எதிர்சாரிக்குப் போகும். ராட்டினம் மாதிரி ஒரே இடத்துல சுத்திக்கிட்டே இருக்கும். கார் எரிஞ்சது அந்தச் சுழலோட அடிப்பாகத்துல, அதனால புகையை அப்படியே வாரிட்டு வந்து உங்க ஜன்னல் வழியா மேல ஏத்திடுச்சு. வண்டிப் புகையை ரெண்டு சாரியிலயும் அளந்து பாத்த ஆய்வுகள்லயும் இதேதான், காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கத்து சாரிலதான் புகை அதிகம்.

இது பெரிய கட்டடங்களுக்கு நடுவுல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. நகர வானிலை ஆய்வாளர் டிம் ஓக் 1988-ல எழுதின கட்டுரைப்படி, நீளமான தெருவுல கட்டட உயரம் தெரு அகலத்துல ஏறக்குறைய 0.7 மடங்கைத் தாண்டினாலே காத்து கூரை மேலயே தாண்டிப் போக ஆரம்பிச்சிடும். அதாவது 10 மீட்டர் அகலத் தெருவுக்கு 7 மீட்டர் உயர மாடி வீடு போதும்.

காத்து தெரு நீளத்துக்கே அடிச்சா இந்தச் சுழல் இருக்காது, புகை நேரா தெருவோட ஓடி முச்சந்தி வந்ததும் பிரிஞ்சு பக்கத்துத் தெருவுக்குள்ளயும் நுழையும். அதனால எங்கயாவது தீன்னா மேல பாக்காதீங்க, ரோட்டுல கிடக்கிற காகிதம், சருகு, தூசி எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க, அது வர்ற திசையைப் பாத்து நடங்க. அதுக்கு தீயையே தாண்டித்தான் போகணும்னா வேண்டாம், குறுக்குத் தெருவுல திரும்பி அடுத்த தெருவுக்குப் போயிடுங்க, முட்டுச்சந்துக்குள்ள மட்டும் போகவே கூடாது.

கேள்வி: காத்து பலமா அடிச்சா புகை சீக்கிரம் கலைஞ்சிடும், அது நல்லதுதானே?

பதில்: பாதிதான் சரி. 600 டிகிரி சூட்டுல இருக்கிற புகையோட அடர்த்தி சாதாரணக் காத்துல மூணுல ஒரு பங்குதான், அதனால காத்தே இல்லாதப்போ அது நெட்டுக்குத்தா மேல போயிடும், தெருவுல நிக்கிறவங்களுக்கு மூச்சு விட இடம் இருக்கும். காத்து கூடக்கூட அந்தப் புகைத்தூண் சாயும், ஒரு வேகத்தைத் தாண்டினதும் அது கூரையைத் தாண்டறதுக்குள்ள மேல சொன்ன சுழல் பிடிச்சு கீழ இழுத்துடும். அந்த வேகம் எல்லா தீக்கும் ஒண்ணு கிடையாது. பெருசா கொழுந்து விட்டு எரிஞ்சா சூட்டோட பலத்துல புகை காத்தை எதிர்த்து ஏறும், ஆனா மெத்தை, குப்பை மாதிரி தணல்லயே புகையுற தீயில சூடு கம்மி, புகை ஜாஸ்தி, லேசான காத்தே அதை ரோட்டுல படுக்க வச்சிடும்.

நான் ரொம்ப கவலைப்படறது தண்ணி அடிச்சு அணைச்சதுக்கு அப்புறம் வர்ற நேரத்தைப் பத்திதான். சூடு போயிடுச்சு, நீராவி கலந்த வெள்ளைப் புகை மேல ஏற முடியாம தரையோட தவழும், தீதான் அணைஞ்சிடுச்சேன்னு ஜனங்க குழந்தைகளோட பக்கத்துல வந்து நிப்பாங்க. தயவுசெஞ்சு அப்போ கிட்ட போகாதீங்க. இன்னொண்ணு, சின்ன வீடுங்களுக்கு நடுவுல ஒரு உயரமான கட்டடம் இருந்தா அதுல மோதுற காத்து சுவரோட கீழ இறங்கும், மேல போயிட்டிருந்த புகையையும் சேத்து தெருவுக்குக் கொண்டு வந்துடும்.

கேள்வி: நாங்க அடுக்குமாடில பத்தாவது மாடி. தீ வந்தா காத்து என்ன பண்ணும்?

பதில்: எரியுற வீட்டு ஜன்னல் உடைஞ்சு, காத்து அது வழியா உள்ள அடிச்சு, வாசக்கதவும் திறந்திருந்தா தீயும் புகையும் மொத்தமா காரிடாருக்கும் படிக்கட்டுக்கும் பாயும். மணிக்கு 36 கிலோமீட்டர் காத்து சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் குடுக்கும், ரெண்டு சதுர மீட்டர் கதவுல அது 12 கிலோ எடை வச்சு தள்ளுற மாதிரி. காத்து ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. நியூயார்க் தீயணைப்புத் துறையும் அமெரிக்க அரசோட தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யும் 2008-ல கவர்னர்ஸ் தீவுல ஒரு காலிக் கட்டடத்துல நிஜமாவே தீ வச்சுப் பாத்தாங்க, வெளிப்பக்கமா ஜன்னலைத் திரை போட்டு காத்தை அடைச்சதும் உள்ள சூடு வேகமா இறங்குச்சு.

அதனால உங்க வீட்டுலயே தீன்னா எல்லாரும் வெளிய வந்ததும் கதவை இழுத்து சாத்திட்டு வாங்க, இந்த ஒரு வேலை பக்கத்து வீட்டுக்காரங்க உயிரைக் காப்பாத்தும். தீ வேற வீட்டுலன்னா கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டுப் பாருங்க. சுட்டாலோ, அடியில புகை வந்தாலோ திறக்காதீங்க, இடுக்குல ஈரத்துணி அடைச்சிட்டு தீயணைப்புக்கு போன் பண்ணி எந்த மாடி, எந்த வீடுன்னு சொல்லுங்க. வழி தெளிவா இருந்தா படிக்கட்டுல இறங்குங்க, லிஃப்ட் வேண்டாம்.

கேள்வி: என்95 மாஸ்க் போட்டா புகைக்குப் பயப்பட வேண்டாமா?

பதில்: கரித்துகளை நல்லாவே தடுக்கும், கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவைத் தடுக்கவே தடுக்காது. தூரத்துலேருந்து வர்ற புகைமூட்டத்துல வெளிய போக உதவும், எரியுற கட்டடத்துக்குள்ள போக இல்ல.

கேள்வி: பகல்ல அணைச்ச தீயோட நாத்தம் ராத்திரிதான் தெருவுல அதிகமா இருக்கு, ஏன்?

பதில்: ராத்திரி தரை குளிர்ந்து அதை ஒட்டின காத்தும் குளிர்ந்திடும், மேல இருக்கிற காத்து கொஞ்சம் சூடாவே இருக்கும், அதனால கீழ இருக்கிறது மேல கிளம்பாம மூடி போட்டாப்புல நின்னுடும். காத்தும் ஓஞ்சிருக்கும். லண்டன்ல 1952 டிசம்பர்ல ஆயிரக்கணக்கானவங்க செத்துப்போன அந்தப் புகைமூட்டமும் இப்படி நின்னுபோன காத்துலதான் தேங்குச்சு. தெருப்பக்க ஜன்னலை ராத்திரி சாத்தி வச்சுட்டு, வெயில் ஏறி காத்து கிளம்பினதும் திறந்து விடுங்க.