முகாமில் போய் நியமம் எடுக்கச் சொன்னால்?

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது, சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். சொந்த ஊர் வந்தவாசி பக்கம், நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர்கள். இந்த லீவில் போளூர் பக்கத்துத் திருமலையில் சமண இளைஞர்களுக்கான ஐந்து நாள் முகாமுக்குப் போகச் சொல்கிறார் அப்பா. பாட்டி இருட்டினால் சாப்பிட மாட்டார், ஆனால் நாங்கள் ராத்திரி பத்து மணிக்குத்தான் தோசையே ஊற்றுவோம். கேன்டீனில் முட்டை பப்ஸ் சாப்பிடுகிறேன். தினமும் சொல்கிற பஞ்ச நமஸ்கார மந்திரம் பாதிதான் தெரியும். அங்கே எல்லார் முன்னாலும் ஏதாவது நியமம், அதாவது இதைச் செய்ய மாட்டேன் என்ற உறுதி, எடுக்கச் சொன்னால் என்ன செய்வது? நான் போவதே வேஷமாக இருக்காதா?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, போய் வா. வேஷம் என்ற பேச்சே வேண்டாம். எல்லாம் தெரிந்தவர்களுக்கு முகாம் எதற்கு? வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உன்னை மாதிரி டவுனில் வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மந்திரத்தில் வணக்கம் சொல்லும் வரிகள் ஐந்துதான், பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் ஆகிவிடும். அதில் எந்த ஒரு தெய்வத்தின் பெயரும் இல்லை, அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று ஐந்து நிலையில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்கிறோம், அவ்வளவே. பாதியில் மறந்தால் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து சொல்.

சாப்பாடுதான் முதலில் கஷ்டமாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள், ஒன்பது மணிக்கு வயிறு கேட்கும், இரண்டாவது நாளுக்கு மேல் பழகிவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் இருக்காது. இருட்டிய பிறகு தண்ணீர் கூடக் குடிக்காதவர்கள் இருப்பார்கள், நீயும் அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாய் என்றால் அதையும் நடத்துபவர்களிடம் சொல்லிவிடு. சமையற்கட்டில் தண்ணீர் வடிகட்டினால் கொஞ்ச நேரம் நின்று பார். துணியை மடித்துக் கட்டி வடித்த பிறகு அந்தத் துணியை உதறிப் போட்டுவிட மாட்டார்கள். திருப்பிப் பிடித்து, வடித்த தண்ணீராலேயே அலசி, அலசின தண்ணீரை எடுத்த கிணற்றிலேயே கொண்டுபோய் விடுவதுதான் முறை, ஏனென்றால் துணியில் தங்கின உயிர்கள் அவை இருந்த இடத்துக்கே போக வேண்டும். அகிம்சை பற்றி ஒரு மணி நேரம் வகுப்பில் கேட்பதைவிட இதைப் பார்ப்பது உனக்குப் புரிய வைக்கும் என்று நினைக்கிறேன்.

சாமாயிகம் என்று தியானத்தில் உட்கார வைப்பார்கள், இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம். கால் மரத்துப் போகும், மனசு போனுக்கு ஓடும், ஓடினால் திரும்பக் கூட்டி வா. ஆடை துறந்த திகம்பர முனிவர் யாராவது தங்கியிருந்தால் அவர் ஆகாரம் எடுப்பதைக் கட்டாயம் பார்த்துவிட்டு வா. நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, கையில் வைப்பதை உற்றுப் பார்த்துத்தான் உண்பார், ஒரு முடி கிடந்தாலும் அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது.

சரி, நீ உண்மையில் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். முகாமின் கடைசி நாளில் ஒருவித உருக்கம் வரும், வாழ்நாள் முழுக்க இதைச் செய்ய மாட்டேன் என்று நாலு பேர் எழுந்து சொல்வார்கள், உட்கார்ந்திருப்பவனுக்குக் கூச்சமாகிவிடும். அந்தக் கூச்சத்தில் எதையும் எடுக்காதே. காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தாருக்காக எழுதிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்திலேயே இது தெளிவாக இருக்கிறது: காலவரை வைத்து எடுப்பது நியமம், ஆயுள் முழுக்க எடுப்பது யமம். இரண்டும் முறையானவைதான். அதனால் "ஐயா, தீபாவளி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டினபின் சாப்பிட மாட்டேன்" என்று சொன்னால் அது அரைகுறை விரதம் ஆகாது. உன்னால் முடிந்ததைச் சொல், முடியாததற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல், அதற்கு மேல் வற்புறுத்துகிறவர் பெரியவராகவே இருந்தாலும் வற்புறுத்துவது தப்பு.

முட்டையை மட்டும் விட்டுவிடு தம்பி. இதில் சுற்றி வளைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம், நேரம் கிடைத்தால் மலையைப் பார். பாறையில் செதுக்கிய நேமிநாதர், ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரில் இருந்த ஜினாலயம் என்ற சமணக் கோவில், ராஜேந்திரனின் படை கங்கை வரை போனதைச் சொல்லும் கல்வெட்டு எல்லாம் அங்கேதான். அந்தக் கல்வெட்டில் ராஜாவின் புகழ் பாடும் பெரிய மெய்க்கீர்த்திக்குக் கீழே கடைசியில் எழுதியிருப்பது என்ன தெரியுமா, ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை இந்தக் கோவிலுக்கு விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்த செய்தி. ஆயிரம் வருஷமாக நம் ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள், உனக்கு அங்கே போக என்ன தயக்கம்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. முகாமில் தோழிகள் மூன்று நாள் உபவாசம் இருக்கப் போகிறார்களாம், தானும் இருப்பேன் என்கிறாள். விடலாமா?
ஒரு அம்மா, திண்டிவனம்

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு நாள் கூட இருந்து பழகாத பிள்ளை வெயில் காலத்தில் எடுத்ததும் மூன்று நாள் இருப்பது உடம்புக்கு ஆகாது. பன்னிரண்டு தவங்களில் முதலாவது உண்ணாநோன்பு என்றால், அடுத்ததாகவே வைத்திருப்பது வயிறு நிறையாமல் குறைத்துச் சாப்பிடுவதைத்தான். ஒரு நாள் ஒருவேளை உணவோடு இருக்கட்டும், தண்ணீர் பகலில் தாராளமாகக் குடிக்கட்டும். தலை சுற்றினால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும் என்று அவளிடமும் முகாமில் பொறுப்பாக இருப்பவரிடமும் நீங்களே பேசிவிடுங்கள். தோழிகளின் அம்மாக்களுக்கும் ஒரு போன் போடுங்கள்.